கமரா ஆற்றை கையில?

கரம்பொனில் எங்கள் அறநெறி வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மடத்தில் நடக்கும். தேவாரம் பாடி முடித்து, கையில் கிடைக்கிற அவலைத் தின்றுகொண்டு வீட்டுக்கு ஓடுவதுதான் எனக்குத் தெரிந்த சைவம். ஒருமுறை ரீச்சர் யாழ்ப்பாணத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, இனிமேல் ரீவியைச் சைவக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். அதற்கு மூன்று கேள்விகளும் தந்தார். கமரா ஆற்றை கையில இருக்கு, ஆர் அதைப் பிடிச்சிருக்கினம்? எதைக் காட்டாமல் விடுகினம்? இதைப் பார்த்தால் எங்களுக்கு எந்த மலம் கூடும்?

மலம் என்றதும் பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று அழுக்கைத்தான் மும்மலம் என்பது என்று ரீச்சர் விளக்கினார். அழுக்கு என்றது எங்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. கடைசியில் அவர், ரீவிப் பெட்டிக்குள் தெரிவதெல்லாம் மாயை, உள்ளது மாதிரி இருக்கும், கையால் தொட ஏலாது என்று ஒரேயடியாக முடித்துவிட்டார். சித்தாந்தம் மாயையை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடவில்லை என்பதைப் பின்னாளில்தான் படித்தேன்.

எங்களோடு இருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, பின்னேரம் முழுக்க நாடகம் பார்ப்பவர். நான் பக்கத்தில் இருந்து, இந்த மாமியாருக்கு எந்த மலம் என்று குடைந்தேன்.

"உம்மடை மலத்தைக் கொண்டு அங்கால போம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அந்தப் பெரிய ரீவி, பெரியப்பா காசு அனுப்பி வாங்கியது. நான் பிறக்க முதலே கனடாவுக்குப் போனவர். பெரியம்மாவை அங்கே கூப்பிடுகிற பேப்பர் ஒருநாளும் சரிவரவில்லை. நான் அவரைக் கண்டதெல்லாம் போன் திரையில்தான். ரீச்சர் சொன்னபடி பார்த்தால் பெரியப்பாவும் மாயைதான் என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது. ஆனபடியால், அவர் செத்துப்போனார் என்று வீட்டில் குழறல் கிளம்பியபோது நான் குழம்பிப்போனேன். மாயை எப்படிச் சாகும்?

பெரியம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. செத்தவீட்டை அங்கிருந்து நேரடியாக ரீவியில் காட்டுவதாக ஏற்பாடு. அங்கே காலை, இங்கே விளக்கு வைக்கிற நேரம். கதிரைகளை ஒதுக்கிப் பாய் விரித்து, ஊர்ச்சனம் ரீவிக்கு முன்னால் இருந்தது. ரீச்சரும் வந்திருந்தார். பெரியம்மாவின் மடியில் ஒரு தட்டு, அதில் வாய்க்கரிசி போடுவதற்குப் பச்சரிசி.

பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் கோட்டுப் போட்ட பெரியப்பா. அங்கே சனம் வரிசையில் வந்து அரிசி போடத் தொடங்க, பெரியம்மாவும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு எழும்பினார். அந்த நேரம் பார்த்துப் படம் விலகிவிட்டது. மலர்வளையங்கள் தெரிந்தன, வாசலில் ஆட்கள் தெரிந்தார்கள், பிறகு ஆருடையதோ சப்பாத்துக் கால். பெரியம்மாவின் கை திரைக்கு முன்னால் அப்படியே நின்றது.

"முகத்தைக் காட்டச் சொல்லுங்கோ. மூடப்போகினம்" என்று பெரியம்மா கத்தினார்.

எனக்குப் பயமாக இருந்தது. ரீச்சரின் சேலையைப் பிடித்து, இது மாயைதானே என்று மெல்லக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "கமரா ஆற்றை கையில?" என்று உரக்கக் கேட்டார். வகுப்பில் கேட்ட அதே கேள்விதான். அப்பா போனில் அங்கே நின்ற உறவுக்காரப் பொடியனைப் பிடித்துச் சத்தம்போட, படம் ஒரு சுற்றுச் சுற்றி முகத்தில் வந்து நின்றது. பெரியம்மா அந்த வாயருகே அரிசியை வைத்தார். உடனேயே அங்கே பெட்டியை மூடினார்கள்.

எல்லாரும் கிணற்றடிக்குப் போனார்கள். ரீவியில் பார்த்த செத்தவீட்டுக்கும் முழுகத்தான் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் ஆளாகத் தலையில் தண்ணீர் வார்த்தவர் ரீச்சர்தான்.

பெரியம்மா மட்டும் உள்ளேயே இருந்தார். ரீவி மேசையிலும் நிலத்திலும் கிடந்த அரிசியைத் தடவித் தடவிப் பொறுக்கினார்.

"எல்லாம் இஞ்சதான் கிடக்கு, பிள்ளை" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குழறி அழுதார்.

சிந்தின அரிசிக்கு ஒரு பெரிய ஆள் ஏன் இப்படி அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. குசினிக்குள் ஓடிப்போய், அரிசிப் பானைக்குள் கையை விட்டு இன்னொரு பிடி அள்ளிக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினேன்.