மாலையும் கழுத்துமாக ஒரு படம்

என் மனைவி எனக்கு எழுதிய கடிதங்களிலேயே மிகச் சிறியதை, டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், வாளிகளும் துடைப்பங்களும் வைக்கும் அறைக்குள் நின்று வாசித்தேன்.

"கல்யாணப் பதிவு இனி உங்களுக்கு என்னத்துக்கு? புது மனிசியோட சந்தோசமா இருங்கோ. பிள்ளையை நான் வளர்ப்பன்."

அவ்வளவுதான். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். புது மனைவியா? எனக்கா? பகல் முழுக்க மற்றவர்களின் கழிவறையைக் கழுவிவிட்டு, மூன்று ஆண்களோடு ஒரே வீட்டில் பருப்பும் சோறும் தின்றுகொண்டிருந்த எனக்கா?

மனைவியையும் மகளையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட விண்ணப்பித்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பதில் இல்லை. விபோர்க்கிலும் ஹொல்ஸ்டெப்ரோவிலும் இருந்த எங்கள் ஆட்களுக்கும் பதில் இல்லை. "ஃபைல் மேசையில கிடக்குதாம்" என்று மாதாமாதம் வீட்டுக்கு எழுதினேன். "ஒரு ஃபைலை வருசக்கணக்கா சும்மா போட்டு வைக்க அங்க இருக்கிற ஆக்களுக்கென்ன விசரே?" என்று அவள் திருப்பி எழுதினாள். கடைசியில் குடிவரவு அலுவலகத்தில் கல்யாணப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதியும் அவளுடைய கையெழுத்தும் கேட்டார்கள். அவை வந்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். அனுப்பச் சொல்லி எழுதினேன். வந்ததோ இந்தக் கடிதம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு படம். அந்தப் படத்தில் என்னோடு நின்றவர் அமெரிக்க நடிகை.

இல்லத்தின் கடைசி அறையில் இருந்தார். வயது எழுபத்திரண்டு. டேனிஷ் எனக்கும் வராது, அவருக்கும் சரியாக வராது. என் ஓட்டை ஆங்கிலம் அவருக்குப் போதுமாக இருந்தது. நான் தரை துடைப்பேன், அவர் கட்டிலில் சாய்ந்தபடி தன் கதையைச் சொல்லுவார். பதினேழு வயதில் நியூயோர்க்கில் மேடையேறியவர். ராணியாக, தாயாக, பைத்தியமாக நடித்துப் பெயர் வாங்கினாராம். பிறகு சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். முதல் படத்திலேயே அடுத்தவள் புருஷனைப் பறிக்கிற பெண் வேடம். படம் ஓடியது. அத்தோடு தலையெழுத்து முடிந்தது. பதினொரு படம், பதினொன்றிலும் அதே வேடம். மரக்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒருத்தி இவர் கன்னத்தில் அறைந்தாளாம். நாற்பது வயதானதும் அந்த வேடத்துக்கும் ஆள் மாற்றிவிட்டார்கள். மறுபடியும் மேடைக்கு வந்து, ஊர் ஊராகச் சுற்றி, கோபன்ஹேகனுக்கு நாடகம் போட வந்த இடத்தில் ஒரு டேனிஷ்காரரைக் கல்யாணம் செய்தார். அவர் போய்ச் சேர்ந்தபின் இந்த அறைதான்.

அறையை விட்டு வெளியே வந்தால் பொன்னிறப் பொய்முடி, உதட்டுச் சாயம், வரைந்த புருவம். அவை இல்லாமல் அவரைத் தாதிமாரைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. என்னையும் கதவைத் தட்டிவிட்டு நிற்கச் சொல்லுவார்.

அவருடைய பிறந்தநாளுக்குச் சாப்பாட்டு மண்டபத்தில், பழைய நாடகம் ஒன்றிலிருந்து பத்து நிமிடம் நடித்தார். ஊசி விழுந்தால் கேட்கும். கலைஞருக்கு மாலை போடாமல் விடுவது எங்கள் ஊரில் பெரிய அவமரியாதை. முதல்நாளே கார்னேஷன் பூ வாங்கி இரண்டு மாலை கட்டியிருந்தேன், ஒன்று அவருக்கு, மற்றது பியானோ வாசித்த கிழவருக்கு. நடிகைக்குப் போட்டுவிட்டுத் திரும்பினேன். மனுஷி கண்கலங்கி, தட்டிலிருந்த மற்ற மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டார்! உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் அந்த நேரம் பார்த்துப் படம் பிடித்தான்.

பத்திரிகையில் என் முகம் வந்த சந்தோசப் புளுகத்தில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. வெட்டி எடுத்து, "விபரம் அடுத்த கடிதத்தில்" என்று ஒரு துண்டில் எழுதி அனுப்பிவிட்டேன். யுத்தக் காலத்துத் தபால். அடுத்த கடிதம் போய்ச் சேரவில்லை. மாலையும் கழுத்துமாக நாங்கள் இருவரும் நிற்கும் படம் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில், சாயமும் பொய்முடியுமாக, அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட மதிக்க முடியாது.

வாளியில் உட்கார்ந்திருந்த என்னைத் தேடி வந்தவரும் அவர்தான். கடிதத்தை வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். முதலில் பெரிதாகச் சிரித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எழுபத்திரண்டு வயதிலும் எனக்கு அதே வேடமா?" என்றார்.

மறுநாள் காமரா கொண்டுவரச் சொன்னார். கதவைத் தட்டினேன். "வா" என்ற குரல் கொழகொழவென்று வந்தது. உள்ளே போய் அதிர்ந்து நின்றேன். யன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்க, ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். தலையில் நாலு வெள்ளை மயிர். பற்கள் கண்ணாடிக் கோப்பைக்குள். புருவமே இல்லை.

"கிட்ட வந்து எடு. ஒன்றையும் மறைக்காதே," என்றார்.

படத்தின் பின்பக்கம் அவரே எழுதினார்: 'இதுதான் உன் கணவனின் புது மனைவி.' கீழே நான் தமிழில் எழுதி, நடந்ததையும் விளக்கி அனுப்பினேன். இரண்டு மாதம் தபால்காரனின் வழி பார்த்திருந்தேன்.

வந்த உறைக்குள் கல்யாணப் பதிவு இருந்தது. கையெழுத்து இருந்தது. "அந்த மனிசியை ஏன் இந்தக் கோலத்தில படம் எடுத்தனீங்கள்? உங்களுக்கு வெக்கமில்லையே? நான் மன்னிப்புக் கேட்டனான் எண்டு அவவிட்டச் சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தாள்.

நடிகை அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். "உன் மனைவி வரும்போது பொய்முடி போடமாட்டேன்," என்றார். ஆனால் ஃபைல் நகரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர் கண்ணை மூடிவிட்டார். அடுத்த வருடம்தான் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். அவர் இருந்த அறைக்கு முன்னால் மனைவி போய் நின்றாள். உள்ளே வேறு யாரோ இருந்தார்கள்.

படத்து விஷயம் தீர்ந்தாலும், ஃபைல் விஷயத்தில் நான் கவனமில்லாமல் இருந்துவிட்டேன் என்பது அவளுடைய நினைப்பு. சில வருடங்களின் பின் ஒருநாள் தொலைக்காட்சிச் செய்தியில் சொன்னார்கள். எங்கள் தமிழ் ஆட்களின் விண்ணப்பங்களை நாட்டின் நீதி அமைச்சரே வேண்டுமென்று கிடப்பில் போட வைத்தாராம். குடும்பத்தைக் கூப்பிடுவது சட்டப்படி எங்களுக்கு இருந்த உரிமையாம். மகள்தான் டேனிஷைத் தமிழாக்கினாள். மனைவி வாயில் கைவைத்தபடி இருந்தாள்.

"அப்ப நீங்கள் எழுதினதெல்லாம் உண்மையே?" என்றாள்.

"ஓம்."

"ரெண்டு தரம் உங்களை நம்பாமல் விட்டிட்டன்," என்றபடி எழுந்து போய், ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து வந்தாள். அடுத்த நாள் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினாள். வருகிறவர்கள் திடுக்கிட்டு, "இது ஆர்?" என்று கேட்பார்கள்.

"என்ர மனிசன்ர மூத்த தாரம்," என்பாள் மனைவி, தேநீரை நீட்டியபடி. "எனக்காக அவ செய்ததை என்ர கூடப் பிறந்ததுகளும் செய்திருக்காதுகள்."

பொய்முடி இல்லாத மற்றப் படம் எங்கே என்று கேட்டுப் பார்த்தேன். "அது அவ எனக்குக் காட்டின முகம்," என்றாள். எடுத்தவன் நான். இன்றுவரை எனக்குக்கூட அதைக் காட்டவில்லை.