கடல் இல்லாத ஒலிப்பதிவு

யுத்தம் முடிந்த வருடம், பள்ளிக்கூடத்து மேல்மாடிக் கணினி அறையில் ஒலிப்பதிவு பழகினோம். மீலாத் விழாப் போட்டிக்கு என் தோழி, நபி புகழ் பாடும் கஸீதா ஒன்றைப் படித்தாள். நான் பதிவு செய்தேன். எத்தனை தரம் எடுத்தாலும் அவள் குரலுக்குப் பின்னால் கடல் இரைந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதற்கு ஒரு வழி இருந்தது. அவள் வாய் திறக்குமுன் பதிவான சில விநாடிகளைக் கணினிக்குக் காட்டினால், அந்த இரைச்சலை முழுப் பதிவிலிருந்தும் அது அழித்துவிடும். அழித்தேன். காதை முழுதாக மூடும் ஹெட்போனைப் பெருமையோடு அவளுக்கு மாட்டிவிட்டேன்.

பாட்டுத் தொடங்குமுன்பே அவள் முகம் வெளுத்தது.

"கடல் எங்க புள்ள?"

"நான்தான் அழிச்சன். நல்லாரிக்கா?"

"அண்டைக்கும் இப்பிடித்தான். கடல் உள்ளுக்குப் போனதும் ஒரு சத்தமும் இல்ல. தம்பிதான் மீன் பொறுக்க முதல்ல ஓடினான்."

சுனாமியைப் பற்றி அதுவரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் காதில் கடல் நன்றாகவே இரைந்துகொண்டிருந்தது. இருந்தும், எழுந்துபோய் யன்னலால் கடலை எட்டிப் பார்த்த பிறகுதான் என்னால் உட்கார முடிந்தது.