இன்னும் ஊதாத இரண்டாம் சங்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசு கட்சி இல்லை. அமாவாசைக்கு என் மனைவி கவிதா வாசலில் வைக்கிற எலுமிச்சம்பழத்தைக் குங்குமம் கழுவி ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிற ஆள் நான். என் தொழிலே அப்படி. சத்தத்தை அளப்பது என் வேலை, மீட்டரில் ஏறாத சத்தம் என்னைப் பொறுத்தவரை சத்தமே இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

புனேயில் சிஞ்ச்வட்டில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். அபாய அறிவிப்பு சைரன்கள் செய்கிறோம். அணை, ரசாயனத் தொழிற்சாலை, அணுமின் நிலையம் என்று எங்கே ஊரைக் கிளப்பி ஓடச் சொல்ல வேண்டியிருக்குமோ அங்கெல்லாம் எங்கள் சரக்குத்தான் கம்பத்தில் நிற்கும். அணுமின் நிலையம் என்றால் சும்மா மாட்டிவிட்டு வர முடியாது. அவர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒரு முறை உரிமம் புதுப்பிக்க வேண்டும், உரிமம் கொடுக்கிற அதிகாரிகள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், அதில் ஒரு கேள்வி, சுற்றியிருக்கிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சைரன் கேட்குமா என்பது. கேட்கும் என்று நிரூபிக்காமல் உரிமம் நகராது. அதை நிரூபிக்கிற ஆள்தான் நான்.

போன வருஷம் நம்ம ஊர்ப் பக்கம், கடலோரத்தில் ஒரு நிலையத்துக்குப் புது சைரன்கள் போடுகிற ஆர்டர் வந்தது. கம்பெனியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருத்தன் என்பதால் என்னைத்தான் அனுப்பினார்கள். நான் கோயமுத்தூர்க்காரன், அங்கே பேசுகிற தமிழ் எனக்கே பாதிதான் புரியும், அது என் முதலாளிக்குத் தெரியாது. சைரன் இன்னும் தயாராகவில்லை, வெறும் கம்பம்தான் நட்டிருந்தார்கள். நான் வீடு வீடாகப் போய் கடல் இரைச்சல் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று அளந்துவிட்டு, பட்டறையில் முதலில் செய்து பார்த்த சைரனின் குரலைப் பதிவு செய்து கொண்டுபோயிருந்ததைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊதினால் அபாயம், வெளியே வா. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சுதியில் நீளமாக ஊதினால் அபாயம் நீங்கிவிட்டது, உள்ளே போகலாம். இரண்டே சத்தம்தான், குழந்தைக்கும் புரியும்.

அந்தப் பதிவில் ஒரு குறை இருந்தது. ஏறுகிற சத்தம் உச்சிக்குப் போகும்போது ஒரு சின்ன விக்கல் விக்கும். பேரிங்கில் கோளாறு. நான் புனே திரும்பியதும் பிரித்துச் சரி செய்வதாக எங்கள் ஃபோர்மேன் போசலே சொல்லியிருந்தார். இந்த விக்கலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தெருவில் லூர்து என்று ஓர் அக்கா. கருவாடு காயப்போட்டு விற்கிறவர், பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிற புருஷனைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். மற்றவர்கள் எல்லோரும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்கள், அவர் மட்டும் என்னை விடவில்லை.

“ஊதுனா ஓடிருவோம் சார். இவர நான் கட்டிலோட இழுத்துக்கிட்டுப் போவணும். ஒரு தடவ இழுத்துருவேன். திரும்ப உள்ள வரலாம்னு யாரு சொல்லுவா?”

“அந்த ரெண்டாவது சத்தம் சொல்லுமுங்க. அது ஊதற வரைக்கும் உள்ள போயிராதீங்க, யாரு சொன்னாலுஞ் செரி.”

“யாரு சொன்னாலும்?”

“நானே சொன்னாலும் போகாதீங்க” என்று பெருமையாகச் சொல்லி என் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன். வாய் சும்மா இருந்ததா பாருங்கள்.

இந்த இரண்டாவது சத்தத்தின் மேல் எங்கள் போசலேவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பட்டறையில் சோதனைக்காக அபாயச் சத்தத்தை ஒரு நொடி உறும விட்டால்கூட, முடிவில் அந்த ஒரே சுதியைக் கொஞ்சம் ஊதவிட்டுத்தான் ஸ்விட்சை அணைப்பார், டீ ஆறிப்போனாலும் சரி. புதுப் பையன்கள் யாராவது மறந்துவிட்டால், “தோக்கா உக்டா டேவூ நகோ” என்று கத்துவார். அபாயத்தைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதே என்று அர்த்தம். நான் அவரை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் புனே திரும்பி, மழை தொடங்கின சமயம். ஒரு வியாழக்கிழமை. இங்கே தொழிற்பேட்டைக்கு வியாழன்தான் வார விடுமுறை, பராமரிப்பு என்று கரண்டையும் அன்றைக்குத்தான் எடுப்பார்கள், எங்கள் குடியிருப்பிலும் லைட் இல்லை. சாயங்காலம், நல்ல வெளிச்சம். மகள் இனியா பள்ளி வேனிலிருந்து அப்போதுதான் வந்து சோபாவில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கவிதா ஹடப்சர் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள், லேப்டாப்பில் சார்ஜ் தீர்வதற்குள் மீட்டிங் முடிய வேண்டுமே என்று முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஓர் உறுமல் கேட்டது. லாரி என்று நினைத்தேன். உறுமல் ஏறியது, ஏறி உச்சிக்குப் போய் விக்கியது, இறங்கியது, மறுபடி ஏறி அதே இடத்தில் விக்கியது. நம்பினால் நம்புங்கள், கையிலிருந்த துணி எல்லாம் கீழே போய்விட்டது. பெற்ற பிள்ளையின் அழுகுரல் தெரியாமல் போகுமா, அது எங்கள் சைரன். பட்டறையில் பிரித்துப் போட்டிருக்கிற சைரன், கரண்டே இல்லாத பேட்டைக்குள் பூட்டிக் கிடக்கிற சைரன். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அளவில்தான் இருந்தது, அது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

“கவிதா, கேக்குதா?”

“என்னது? மீட்டிங்ல இருக்கேன்ங்க.”

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இனியா ஒற்றை ஷூவோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். “பப்பா, இத பந்த் பண்ணச் சொல்லு” என்றாள், நிறுத்தச் சொல்கிறாள்.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கினேன், லேப்டாப்பை மூடினேன், கவிதா கையைப் பிடித்துப் படி வழியாக இழுத்துக்கொண்டு கீழே வந்து பார்க்கிங் தாண்டி வெட்டவெளியில் நிறுத்தினேன். ஊரெல்லாம் இப்படிச் செய்யுங்கள் என்று பாடம் எடுக்கிறவன், எனக்கு வேறு என்ன தெரியும். கீழே வந்து சேர்ந்தபோது சத்தம் நின்றுவிட்டிருந்தது. நின்றுவிட்டது என்றால், இறங்கி ஓயவில்லை, கத்தரித்த மாதிரி நின்றது.

வாட்ச்மேனுக்குக் கேட்கவில்லை. பேட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கவிதாவுக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

“ஏனுங்க, என்ற மேனேஜர் பேசீட்டிருக்கறப்ப மூடிப்போட்டீங்களே. நீங்க மூஞ்சிய இப்படி வெச்சிட்டு நின்னா கொழந்தையும் பயந்துக்காம என்ன செய்யும்? வாங்க மேல.”

“இரு. ரெண்டாவது சத்தம் வரட்டும்.”

“மொதச் சத்தமே வரலீங்க!”

போசலேவுக்குப் போன் போட்டேன். அவர் வீட்டில் தூங்கி எழுந்த குரலில், அண்ணா, கம்பெனியில் ஈ காக்காய் இல்லை, அந்த யந்திரத்தின் உள்பாகம் என் மேஜை மேல் துணி மூடிக் கிடக்கிறது, கூம்பு தரையில் கிடக்கிறது என்றார். நான் கேட்டதைச் சொன்னேன். சிரிப்பார் என்று காத்திருந்தேன், சிரிக்கவில்லை. “தூஸ்ரா ஆயா க்யா?” என்று கேட்டார். இரண்டாவது வந்ததா என்று. இல்லை என்றேன். அவர் சரி என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

உடனே போன் மறுபடி அடித்தது, போசலேதான் என்று எடுத்தால் லூர்து அக்கா.

“சார், ஊதிச்சே.”

“என்னதுங்க ஊதுச்சு?”

“நீங்க போட்டுக் காட்டின சங்குதான். மேல போயி விக்குமே, அதேதான். இவர கட்டிலோட இழுத்துக் கோயில் முத்தத்துல கொண்டாந்து வச்சிருக்கேன். வேற யாருக்கும் கேக்கலியாம், என்னயப் பைத்தியக்காரிங்காவ. அடுத்தது எப்பம் ஊதும் சார்?”

அங்கே கம்பத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் கம்பம். அதை நட்ட இடத்தில் நானே நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். கம்பெனி ஆளாக என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன்.

“அக்கா, அங்க சைரனே இன்னும் மாட்டலீங்க. ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போங்க, மழை வரும், அவரு நனஞ்சுருவாரு.”

“நீங்க சொன்னாலும் போவக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீய?”

பின்னால் இனியா ஒற்றை ஷூவோடு ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து காலாட்டுவது தெரிந்தது. அக்காவுக்கு இந்தப் பக்கத்துச் சத்தம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். மெதுவாகக் கேட்டார்:

“நீங்க உங்க வீட்டுக்குள்ள போயிட்டியளா சார்?”

பொய் சொல்ல எனக்கு எவ்வளவோ ஆசை. வாய் வரவில்லை. பயம் என்றால் என்னவென்று அந்தப் பார்க்கிங்கில்தான் தெரிந்துகொண்டேன், எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்றே தெரியாத பயம். அவரே புரிந்துகொண்டு, சரி சார், நானும் இருக்கேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மழை வந்தது. கவிதா முதலில் மேலே போனாள், பிள்ளை பசிக்குது என்றதும் நானும் போனேன். கேஸ் கசியவில்லை, சுவர் இடியவில்லை, ஒரு டம்ளர்கூட உருளவில்லை. அன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை, மறுநாளும் நடக்கவில்லை. கம்பெனிக்குப் போய்ப் பார்த்தால் துணி போட்டது போட்டபடி இருந்தது. போசலே யாரிடமும் சொல்லாமல் அன்றைக்கே அதை மாட்டி முடுக்கி, எனக்காக அந்த ஒரே சுதியை நீளமாக ஊதவிட்டார். பாவம், நல்ல மனுஷன். எனக்கு அது பக்கத்து வீட்டு போன் அடிக்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் சைரன்கள் கடலோரம் போய்ச் சேர்ந்தன. பேரிங் மாற்றியாகிவிட்டது, விக்கல் இல்லை. அதிகாரிகள் முன்னால் ஒத்திகை நடந்தது. முதல் சத்தம் ஊதியது, ஊரே வெளியே வந்தது, இரண்டாவது சத்தம் ஊதியது, ஊரே சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போனது. என் மீட்டரில் எல்லா வாசலிலும் எல்லாம் சரி. லூர்து அக்கா மட்டும் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த மனுஷனை அன்றிலிருந்து வீட்டுக்குள் படுக்க வைக்கவில்லையாம், வாசலில் தார்ப்பாய் கட்டி வைத்திருந்தார். நான் கிட்டே போய், கேட்டுச்சுங்களா அக்கா, இனி உள்ள போலாமுங்க என்றேன்.

“இது இன்னைக்கு ஊதினதுக்கு உள்ளது சார்” என்றார். “அன்னைக்கு ஊதினதுக்கு இன்னும் ஊதல.”

நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் புனே வந்துவிட்டேன். உரிமமும் கிடைத்துவிட்டது. எழுதிக் கொடுத்ததில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது, அதைக் கோயிலில் நின்றும் சொல்வேன். தூக்கம்தான் சரியில்லை. மிக்ஸி ஓடி நின்றால், லிஃப்ட் நின்றால், அடுத்தது வருகிறதா என்று காது தானாகக் கூர்மையாகிவிடுகிறது.

இனியா வியாழக்கிழமைகளில் மட்டும் பள்ளி விட்டு வந்து ஷூவைக் கழற்றுவதில்லை. ஷூவோடு சோபாவில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பாள், கரண்ட் போனால் ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பாள். எதுவும் கேட்கவில்லை என்று தலையாட்டுவேன். திட்டித் திட்டி அலுத்துப்போய், கொஞ்ச நாளாகக் கவிதா அவளைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். குழந்தைதானே, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை கரண்ட் போன நேரம் குனிந்து ஏதோ எடுத்தேன். கவிதா மேஜையில் மீட்டிங்கில் இருந்தாள், மேனேஜரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். விருந்தாளி செருப்போடு உள்ளே வந்தால்கூட முகம் மாறுகிறவள், எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வீட்டுக்குள் ஒரு செருப்பையும் அனுமதிக்காதவள். மேஜைக்கு அடியில் அவள் காலில் வெளியே போட்டுப் போகிற செருப்பு இருந்தது, வாரையும் இறுக்கி மாட்டியிருந்தாள்.