வெறுமையாகத் திரும்பிய பெட்டி

மார்ச் மாதத்தில் ஒரு நாள், மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஜப்பானியப் பெண் ஒரு மூடிப் பெட்டியோடு எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே இளஞ்சிவப்பில் இரண்டு உருண்டைகள், ஒவ்வொன்றும் ஓர் இலைக்குள்.

"செர்ரி இலை. இந்த நாட்களில் மட்டும்தான் செய்வோம்," என்றார் ஜெர்மன் மொழியில்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் அந்தக் கட்டடத்துக்கு நாங்கள் வந்து இரண்டு வருடம். என்னைத் தேடி ஒருவர் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

இலையை உரித்து வைத்துவிட்டுத் தின்றேன். பசையரிசிக்குள் இனித்த சிவப்புப் பயறு, எங்கள் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி இருந்தது. தொண்டையில் சிக்கிவிடுமோ என்று மகளுக்குக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டிக் கொடுத்து, விழுங்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விரலில் ஒட்டியிருந்த இலையின் வாசம் விடவில்லை. நுனியைக் கடித்தேன். உப்பு. இலையையும் சேர்த்துத் தின்பார்களாம், பிறகுதான் தெரிந்தது.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. கொழுக்கட்டை வைத்து அனுப்பினேன். மே மாதம் பெட்டி மறுபடி வந்தது, வேறோர் இலை சுற்றிய பண்டத்தோடு. பாடம் படித்தவள் ஆயிற்றே, இம்முறை இலையோடு கடித்தேன். செருப்புத்தோல் மாதிரி இருந்தது. அது ஓக் இலை. அதை உரித்துவிட வேண்டுமாம்.

ஆடிப்பிறப்புக்குக் கூழ் மேலே போனது. குளிர்ந்த பயற்றுக் களியும், வறுத்த பார்லியில் போட்ட தேநீரும் கீழே வந்தன. அடுத்து என்ன வரும் என்று மாதங்களை எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

"என்னப்பா, ரெண்டு பேரும் கடை நடத்துறியளோ?" என்றார் கணவர். "ஒராள் நிப்பாட்டாட்டி இது முடியாது."

"நான் நிப்பாட்டினா அவ என்ன நினைப்பா?"

"அவவும் இப்ப மேல இருந்து அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருப்பா."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது உள்ளே தங்கிவிட்டது. தினமும் வேலை முடிந்து களைத்துப்போய்ப் படியேறும் அந்தப் பெண்ணுக்கு நான் பாரமாகிவிட்டேனோ?

செப்டெம்பரில், இங்கே கஸ்டானியன் என்று சொல்லும் செஸ்ட்நட் கொட்டை போட்டு வேகவைத்த சோறு வந்தது. நான் உழுந்து வடை அனுப்பினேன். சில நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது பெட்டி வாசலில் இருந்தது. மணியடித்த சத்தம் கேட்கவில்லை. திறந்தேன். கழுவித் துடைத்த வெறும் பெட்டி.

உறைப்புக் கூடிவிட்டதா? போதும் என்கிறாரா? எதை வைத்து அனுப்புவது, அனுப்பலாமா என்றே தெரியாமல், கடைசியில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறும் பெட்டியோடு படியேறினேன்.

கதவைத் திறந்தவர் பெட்டியைப் பார்த்ததும் முகம் சிவந்தார். "மன்னியுங்கள். வெறுமையாகத் திருப்பக் கூடாது, எங்கள் ஊரிலும் அப்படித்தான். இந்த வாரம் எதுவும் செய்ய முடியவில்லை. வெட்கத்தில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்."

"நானும் ஒன்றும் கொண்டுவரவில்லை," என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டு, பச்சைத் தூளை மூங்கில் மத்தால் நுரைக்க அடித்தார். பாதியில் கை நின்றது. "இதற்கு முன்னால் இனிப்பாக ஏதாவது தின்ன வேண்டும். வீட்டில் ஒன்றும் இல்லையே."

மகளோடு கீழே ஓடிப்போய்ப் பனங்கட்டி எடுத்துவந்தேன். அதைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பதுதான் எங்கள் வழக்கம். அவர் ஒரு துண்டை நாக்கில் கரையவிட்டு, பிறகு கசப்பைக் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"இது எந்தப் பருவத்துக்கு உரியது?"

எனக்குத் தெரியவில்லை. தமிழ்க் கடையில் எப்போதும் இருப்பது அது. பனையிலிருந்து கருப்பநீர் இறக்க ஒரு காலம் இருக்கத்தானே வேண்டும்? எந்த மாதம்? "அம்மாவிடம் கேட்டுவந்து சொல்கிறேன்," என்றேன்.

"எப்போது வருவீர்கள்?" என்று கேட்டார்.

நாளைக்கு என்றேன். பெட்டி மேசையிலேயே இருந்தது. அவரும் நீட்டவில்லை, நானும் எடுக்கவில்லை.