தம்பியின் நாக்கடிக் கட்டி

தம்பி பிறந்தபோதே அவன் நாக்கடியில் பன்னீர்த் திராட்சை அளவுக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தது. அழும்போது நாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே தெரியும். அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. எங்கள் தெருவில் வேறெந்தக் குழந்தைக்கும் அப்படி இல்லை என்பதில் எனக்குப் பெருமை.

அவனால் பால் குடிக்க முடியவில்லை. கொஞ்சம் உறிஞ்சுவான், மூச்சு முட்டி விட்டுவிடுவான். குடித்ததெல்லாம் கடைவாயில் வழியும். ஊரில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஊசியால் குத்தி நீரை எடுத்தார். கட்டி சுருங்கியது. அன்று தம்பி வயிறு நிறையக் குடித்துத் தூங்கினான். பூ மார்க்கெட்டுக்குச் சம்பங்கி போடப் போன அப்பா ஜிலேபியோடு திரும்பினார்.

கொஞ்ச நாளில் கட்டி மறுபடி ஊறியது, முன்னைவிடப் பெரிதாக. மூச்சு விடும்போதெல்லாம் கொர் கொர் என்று சத்தம். திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, அம்மாவை உட்காரச் சொன்னார்.

"தண்ணிய மட்டும் எடுத்தா திரும்ப ஊறத்தாம்மா செய்யும். பையோட அறுத்து எடுக்கணும். பால் வேற நுரையீரலுக்குள்ள போயிருக்கு. இப்பவே மதுரைக்குக் கொண்டு போங்க."

"குத்துனதும் நல்லாத்தானம்மா இருந்தான்?" என்றாள் அம்மா. டாக்டரம்மா மதுரைக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

அம்மாவும் அப்பாவும் தம்பியோடு ஆம்புலன்ஸில் போனார்கள். அப்பாவின் தங்கையான அத்தை என்னை வீட்டுக்கு அழைத்து வந்தாள். மறுநாள் அப்பா போனில் பேசினார்.

"கட்டிய முழுசா எடுத்துட்டாங்க. ஆனா நெஞ்சுல சளி கட்டிருச்சாம். மிஷின் வச்சுத்தான் மூச்சு விடுறான்."

முதல் வரி காதில் விழுந்ததுமே நான் தெருவுக்கு ஓடிவிட்டேன். தம்பிக்குச் சரியாகிவிட்டது என்று வீடு வீடாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அம்மா மடியை விட்டு அவனை இறக்கவேயில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டியைக் காணோம், கறுப்பாக ஒரு தையல் நூல் மட்டும்.

"கட்டி போயிருச்சும்மா. இனிமே குடிப்பான், குடுத்துப் பாரு" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கி அவனை மார்போடு சேர்த்துக்கொண்டாள். ரவிக்கை நனைந்திருந்தது. கூடியிருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

"வேணாம் மதினி, குடு" என்று அத்தை அவனைப் பிடுங்கினாள்.

நான் அத்தையின் கையைக் கடித்தேன். தம்பியைப் பால் குடிக்கவிடாத அவளோடு வெகுநாள் பேசவில்லை.