பக்கத்துக் கடை

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மீன் வறுத்து விற்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தாலும் ஜெயமேரியின் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. மூத்த மகள் இசைவாணி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அவள் அங்கே அடுப்பு மூட்டினாள். அப்போது ஒரு தள்ளுவண்டியும் ஒரு தோசைக்கல்லும்தான் இருந்தன. இப்போது தகரம் வேய்ந்த கடை, பெஞ்சுகள், பெயர்ப்பலகை எல்லாம் வந்துவிட்டன. இசைவாணி கல்லூரிக்குப் போகிறாள். கணவன் தைரியராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். காலையில் துறைமுகத்தில் எடுத்த வஞ்சிரமும் சங்கராவும் அவள் கையால் மசாலா பூசிக்கொண்டு வெயில் தாழக் காத்திருக்கும். வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை.

அவளுடைய வயிற்றெரிச்சல் பக்கத்துக் கடையில் இருந்தது.

அந்தக் கடை ஜெனிஃபருடையது. கொழுந்தன் ஆரோக்கியராஜின் மனைவி, ஜெயமேரிக்கு ஓரகத்தி. சிதம்பரத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில், "அக்கா, வீட்ல சும்மா குந்தியிருக்கப் புடிக்கல. உங்க பக்கத்துல நானும் ஒரு சின்னக் கடை போடட்டுமா?" என்று கேட்டபோது, "போடேன், அதுக்கென்னா" என்று சொன்னதே ஜெயமேரிதான். மசாலாவுக்கு என்னென்ன எவ்வளவு என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். ஒரு மழைக்காலம் போய் அடுத்த கோடை வருவதற்குள் கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

காலையில் பிச்சாவரத்தில் படகு ஏறிவிட்டுச் சாயங்காலம் சில்வர் பீச்சுக்கு வருகிற வெளியூர்க் குடும்பங்கள்தான் இருவருக்கும் வியாபாரம். ஒரு கார் வந்து நின்று கதவு திறக்கும்போதே ஜெயமேரியின் மனது துடிக்கும், இது நமக்கா அவளுக்கா என்று. அவர்கள் இரண்டு கடைகளையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஜெனிஃபர் கடையில் போய் உட்காருவார்கள். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும். ஜெயமேரிக்குத் தன் சட்டியில் எண்ணெய் கொதிப்பது கேட்காது, அந்தச் சிரிப்பு மட்டும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ மீனைக் கருக விட்டிருக்கிறாள்.

போதாததற்கு, பெற்ற மகளே சித்தி கடையை வீடியோ எடுத்துப் போட்டாள். அதை ஊரெல்லாம் பார்த்தது.

"உன் கடையையும் எடுக்கிறேம்மா. ஆனா நீ கொஞ்சம் சிரிச்ச மாதிரி மூஞ்ச வச்சிக்கோ."

"எம் மூஞ்சியவா துன்னப் போறாங்க? மீனத்தானடி துன்னப் போறாங்க."

மகள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஜெயமேரி மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள்: நாம் சொல்லிக்கொடுத்த மசாலாவில் அவள் புதிதாக என்னவோ சேர்க்கிறாள். சிதம்பரத்தில் அம்மா வீட்டில் கற்றதோ, யாரிடமாவது கேட்டதோ, நமக்குச் சொல்லாமல் மறைக்கிறாள். கேட்கலாம். ஆனால் கேட்டால் அவள் முன்னால் தாழ்ந்துபோன மாதிரி ஆகிவிடும்.

இந்த நிலையில்தான் புயல் வந்தது. கார்த்திகை மாதக் கடைசி. வங்கக் கடலில் உருவானது நேராகக் கடலூரைப் பார்த்து வருகிறது, கரையைக் கடக்கும்போது சூறைக்காற்று அடிக்கும் என்று டிவியில் ஓயாமல் சொன்னார்கள். துறைமுகத்தில் பெரிய எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். தேவனாம்பட்டினத்துக்காரர்கள் டிராக்டர் வைத்துப் படகுகளை மேட்டுக்கு இழுத்தார்கள். பிச்சாவரத்தில் படகுச் சவாரி நின்றது. பீச்சில் போலீஸ் வண்டி மைக் கட்டிக்கொண்டு, கடைக்காரர்கள் சாமானை எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனது.

ஜெனிஃபர் அப்போது ஊரில் இல்லை. தம்பியின் நிச்சயதார்த்தத்துக்குச் சிதம்பரம் போனவள் அங்கேயே தங்கியிருந்தாள். போன் செய்தாள்.

"அக்கா, பஸ்ஸு ஒண்ணும் சரியா வரல. அவரும் கம்பெனில ஷிப்டுல மாட்டிக்கினாரு. என் கடை சாமானையும் சேத்து எடுத்து வச்சிடுறீங்களா? இன்னொரு சாவி உங்க வீட்லதான கெடக்குது."

"நீ ஏன் கவலப்படுற. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்தபோது ஜெயமேரிக்கு உள்ளூர ஒரு குதூகலம். அவளே கூப்பிட்டுச் சாவியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். இனி யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம்.

தன் கடைச் சாமானையெல்லாம் முதலில் ஆட்டோவில் ஏற்றித் தைரியராஜை அனுப்பினாள். "வீட்ல எறக்கிட்டு வாங்க. அதுக்குள்ள நான் ஜெனி கடையில எடுத்து வைக்கிறேன்."

ஆட்டோ போனதும் பூட்டைத் திறந்தாள். கடல் சேற்று நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. மணல் கிளம்பி முகத்தில் ஊசியாகக் குத்தியது. அவள் எதையும் கவனிக்கவில்லை. டப்பா டப்பாவாகத் திறந்தாள். மிளகாய்த்தூளை முகர்ந்தாள். மசாலாவை நாக்கில் வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். தனியா, சோம்பு, பூண்டு, புளி. தன் மசாலாதான். சொல்லப்போனால் அதைவிட ஒரு மாற்றுக் குறைவு. பூண்டு விழுது கடையில் வாங்கிய பாக்கெட். மறைத்து வைத்த டப்பா என்று எதுவும் இல்லை.

கல்லாப் பலகைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டி மட்டும் பாக்கி இருந்தது. இதில்தான் இருக்கிறது என்று இழுத்துத் திறந்தாள்.

உள்ளே குழந்தைகளின் துணிகள். துவைத்து மடித்த கவுன்கள், அரைக்கால் சட்டைகள், இரண்டு மூன்று துண்டுகள். ஒரு சீப்பு. அட்டையில் குத்திய ஊக்குகள். தலைவலித் தைலம், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி, எல்லா போனுக்கும் பொருந்துகிற மாதிரி சார்ஜர் வயர்கள்.

ஜெயமேரி பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். அலையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளை அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்திருக்கிறாள். அவர்களின் அம்மாக்கள் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு திகைத்து நிற்பதையும் பார்த்திருக்கிறாள். பெஞ்சில் மணல் ஒட்டுகிறதே என்று எரிச்சல்தான் பட்டிருக்கிறாள். அவர்களுக்கு ஒரு துண்டு கொடுக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மசாலாவில் ஏதாவது இருந்திருந்தால் நாளைக்கே தானும் அதைப் போட்டிருப்பாள். இதை என்ன செய்வது? முன்னைவிட ஜாஸ்தியாக எரிந்தது.

தைரியராஜ் திரும்பி வந்தபோது அடுப்பு, சிலிண்டர், சட்டிகள், டப்பாக்கள் எல்லாம் வாசலில் தயாராக இருந்தன. துணிப் பெட்டி மட்டும் கல்லாப் பலகைக்குக் கீழேயே இருந்தது.

"அவ்ளோதானா மேரி?"

"அவ்ளோதான். பூட்டிடலாம்."

பூட்டினாள். ஆட்டோவில் இடம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இடம் இருந்தது.

மறுநாள் காலையிலிருந்தே மழை கொட்டியது. அவர்கள் தெரு பள்ளமான இடம் என்பதால் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கடற்கரைக்காரர்களோடு சேலத்திலிருந்து வேனில் சுற்றுலா வந்து மாட்டிக்கொண்ட ஒரு கூட்டமும் இருந்தது. பிச்சாவரம் போனால் படகு இல்லை, ஊருக்குத் திரும்பலாம் என்றால் சாலையில் மரம் விழுந்துவிட்டது. பாதி வழியில் வேன் நின்று, இறங்கி நடந்து, பெட்டி படுக்கையோடு தொப்பலாக நனைந்து வந்திருந்தார்கள்.

ஜெயமேரி யாரும் கேட்காமலே சத்துணவு அடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பெரிய அண்டாவில் சாதம் வடித்தாள். இருந்த தக்காளியைப் போட்டு ஒரு குழம்பு வைத்தாள். வாசனை வகுப்பறை வரைக்கும் போனது. அன்றைக்குப் பக்கத்தில் வேறு கடை இல்லை. பிள்ளைகள் அடுப்படிக்கே வந்து, "ஆச்சா அத்த?" என்று எட்டிப் பார்த்தார்கள். அந்தக் காற்றிலும் மழையிலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சேலத்துக்காரம்மா ஒருத்தி தன் சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்போரம் நின்றாள். குழந்தைக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"மாத்துறதுக்குக் காஞ்ச துணி ஏதாச்சும் கெடைக்குமாங்க? எங்க பை எல்லாமே நனைஞ்சிருச்சு."

ஜெயமேரி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். மடித்து வைத்த கவுன்கள் கண் முன்னால் வந்தன. "கேட்டுப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். தன் முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டினாள். அதுவும் ஈரமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ஜெனிஃபர் வந்தாள். அம்மா வீட்டில் இருப்புக் கொள்ளாமல் விடிந்ததும் ஒரு காய்கறி வேனில் தொற்றி, மரம் விழுந்த இடத்தில் இறங்கி நடந்து வந்திருந்தாள். தலையில் பாலிதீன் உறை. கையில் பாலிதீனில் சுற்றிய நிச்சயதார்த்தப் பை. உள்ளே நுழைந்ததும் குழந்தையைத்தான் பார்த்தாள்.

"அக்கா, என் துணிப் பொட்டி எங்க? அதுல இந்தப் பாப்பாவுக்கு ஆவுற மாதிரி இருக்கும்."

"கடையிலயே இருக்குது."

"ஐயோ. மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே அந்த வார்த்தையை எடுத்துக் கையில் கொடுக்கிறாள். ஜெயமேரிக்கு அதுகூடப் பொறுக்கவில்லை. இவள் தருவதை வாங்கிக்கொண்டா நாம் தப்பிக்க வேண்டும் என்று இருந்தது.

"மறக்கல. வச்சிட்டு வந்தேன்."

ஜெனிஃபர் ஒரு கணம் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது. பையைத் திறந்து, நிச்சயதார்த்தத்தில் வைத்துக் கொடுத்த புதுப் புடவையை உதறினாள். மடிப்புக் கலையாத பட்டு. அதைக் குழந்தைக்கு நாலு சுற்றுச் சுற்றி அம்மாவிடம் கொடுத்து, "உள்ள பெஞ்சியில போயி உக்காருங்க, காத்து அடிக்காது" என்று அனுப்பினாள். அவர்கள் போனபிறகு ஜெயமேரியின் பக்கம் திரும்பினாள்.

"உங்களக் கேட்டுட்டுத்தான நான் கடை போட்டேன்? வேணாம்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நான் கெட்டவளா ஆயிருப்பேன்."

"இப்ப மட்டும்?"

ஜெயமேரி குழம்பைக் கிளறினாள். "எல்லாரும் உன்னண்டதான் வராங்க. எனக்குத் தாங்கல" என்றாள். எத்தனையோ நாள் உள்ளே வைத்திருந்தது வெளியே வந்தபோது இவ்வளவு சின்னதாக இருந்தது.

"அதுக்கு அந்தத் துணி என்னா பண்ணிச்சு?" என்று ஜெனிஃபர் கேட்டாள். வாளியை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனாள்.

மத்தியானத்துக்குமேல் புயல் கரையைக் கடந்தது. பள்ளிக்கூட ஓடுகள் தடதடவென்று ஆடின. ஜன்னல் வழியே எதிர்ச்சாரித் தென்னை ஒன்று முறிந்து விழுவதைப் பார்த்தார்கள். உள்ளே ஜெயமேரி ஆக்கிப் போட்டாள், ஜெனிஃபர் கொண்டுபோய்ப் பரிமாறினாள். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டவர்கள், "ரொம்ப ருசிங்க அக்கா" என்று பரிமாறியவளைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஜெயமேரிக்குச் சுருக்கென்றது. இந்த நேரத்திலும் இப்படியா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. வெறுப்பு வந்ததற்காக அது அடங்கிவிடவில்லை.

ஜெனிஃபர் திரும்பி வந்து வாளியை வைத்தாள். "கொழம்பு நல்லாருக்குதாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

காற்று ஓய்ந்து பீச்சுக்குப் போய்ப் பார்த்தபோது இரண்டு கடைகளும் இல்லை. கல்லாப் பலகை, தகரம், பெயர்ப்பலகை எல்லாம் போய்விட்டன. எது யாருடைய இடம் என்று அடையாளம் சொல்லக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

பொங்கலுக்கு முன்னால் கடைகளுக்குப் புதிதாக இடம் ஒதுக்கினார்கள். சீட்டுக் குலுக்கியதில் ஜெயமேரிக்கு நுழைவிலேயே முதல் வரிசை கிடைத்தது. ஜெனிஃபருக்கு வண்டி நிறுத்துகிற இடத்தையும் தாண்டி ஒரு மூலை. ஜெயமேரி மனதுக்குள் எத்தனையோ முறை மாதாவிடம் வேண்டியது இதுதான். கிடைத்த அன்று வீட்டில் யாரிடமும் சொல்லாமல் படுத்துக்கொண்டாள்.

வியாபாரம் நன்றாகவே நடந்தது. சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. மீன் கருகவில்லை. ஆனால் பழைய வாடிக்கைக்காரர்கள் வந்து, "பக்கத்துல ஒரு அக்கா இருந்தாங்களே, அவுங்க எங்க?" என்று கேட்டார்கள். "தெரியலயே" என்றாள். அவர்கள் அவளிடமே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் இன்னொரு குடும்பம் கேட்டது. அதற்கும் அப்படியே சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைக்குழந்தையும் பையுமாக வந்த ஒரு பெண் கேட்டபோது தைரியராஜ் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஜெயமேரி சட்டியிலிருந்த மீனைப் புரட்டிப் போட்டாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"நேராப் போங்க. வண்டியெல்லாம் நிக்கிதில்ல, அதயுந்தாண்டி. கடைசில இருக்குது ஜெனிஃபர் கடை. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க."

அந்தப் பெண் அவளைத் தாண்டி நடந்து போனாள். போகிறவள் முதுகையே ஜெயமேரி பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு எரியத்தான் செய்தது.

"போவட்டும் மேரி" என்றான் தைரியராஜ்.

"போவத்தான விட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புக்குத் திரும்பினாள்.