பாதிப் பாலத்தில் பழகிய குதிரை

ஆவடிப் பக்கம் மலை கிடையாது. மேடு என்று சொல்லத் தகுந்த ஒன்றுகூடக் கிடையாது. மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தண்ணீர் எல்லார் வாசலிலும் நின்று யோசிக்கும் ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு ஈவென்டிங் போட்டிக்குக் குதிரை தயார் செய்கிறேன் என்றதும், எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். சொல்லட்டும். அவர்கள் சொல்லாத நாள் எது?

ஈவென்டிங் என்றால் ஒரே குதிரை, ஒரே ஆள், மூன்று பரீட்சை. முதலில் மைதானத்துக்குள் சொன்னபடி ஒழுங்காக நடந்து காட்ட வேண்டும். அடுத்தது திறந்த வெளி ஓட்டம். கட்டை, பள்ளம், தண்ணீர், மண்மேடு என்று வழியில் இருப்பதையெல்லாம் தாண்டிப் போக வேண்டும். கடைசியில் வண்ணம் அடித்த கம்புகளைத் தட்டாமல் தாண்ட வேண்டும். நடுவில் இருக்கும் ஓட்டம்தான் குதிரையின் மூச்சை வாங்கும். அந்த மூச்சைப் பழக்க, மேட்டில் ஏற்றி இறக்க வேண்டும். போட்டிகள் தையில் தொடங்கி மாசி, பங்குனி வரை நடக்கும். அதனால் ஐப்பசி மழையில் ஊறிய குளம்புகளுக்கு மயில்துத்தம் போட்டுத் தேற்றி, கார்த்திகைக் கடைசியில் மேட்டு வேலையைத் தொடங்கினால்தான் சரியாக வரும்.

மேட்டுக்கு எங்கே போவது? பாலத்துக்குப் போனேன்.

எங்கள் லாயத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு ரயில்வே கேட். எந்த கேட் என்று சொன்னால் நாளைக்கே யாராவது வந்து பூட்டிவிடுவார்கள், சொல்ல மாட்டேன். அங்கே ஒரு மேம்பாலம் இந்தப் பக்கத்தில் மட்டும் ஏறும். உச்சிக்குப் போனதும் குறுக்கே நாலு சிமென்ட் கட்டைகள். அதற்கு அப்புறம் வெறும் காற்று, கீழே தண்டவாளம். பாலத்துக்கு இன்னும் தார் போடவில்லை, மண்ணும் ஜல்லியும்தான். வண்டி கிடையாது, சரிவு அளவானது. கால் நோகாமல் குதிரையை ஏற்ற இதைவிட நல்ல இடத்தை யாரும் எனக்குக் கட்டிக்கொடுத்திருக்க முடியாது.

குதிரை ஒரு செவலை. பந்தயத்தில் ஓடி, ஜெயிக்காமல், விலைக்கு வந்தவள். வேலப்பன்சாவடியில் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர்காரர் ஆசைப்பட்டு வாங்கி எங்கள் லாயத்தில் கட்டினார். மூன்றாம் நாளே கீழே விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து அவர் வேடிக்கை பார்க்கிறார், நான் ஓட்டுகிறேன். அந்த வருஷம் ஐப்பசியில் வந்தவர், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஆள் ஒருவன் செவலையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்றார். மாசிப் போட்டியில் நடுவில் வெளியேற்றப்படாமல் முடித்துவிட்டால் இவள் இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் அவனிடம் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

ஊர்வலக் குதிரையை நான் பார்த்திருக்கிறேன். தலையில் ஜிகினாவைக் கட்டி, காதோரம் டிரம்ஸ் அடித்து, தார் ரோட்டில் ஆடச் சொல்வார்கள். மேலே மாப்பிள்ளை பயத்தில் கடிவாளத்தை இழுத்துக்கொண்டே இருப்பான். செவலைக்கு அந்த வாழ்க்கை கூடாது. அவரிடம் "சரி சார்" என்று மட்டும் சொன்னேன். நான் "சரி சார்" என்று சொன்னால் எனக்குப் பயங்கரக் கோபம் என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியாது.

பாலத்தில் எங்களுக்கு முன்பே ஒரு கூட்டம் குடியேறியிருந்தது. விடிந்ததும் நடைக்கு வருகிறவர்கள். அவர்களுக்குத் தலைவர்போல ஒருவர். டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மார்கழிப் பனிக்குப் பழுப்பு நிறக் குரங்குக் குல்லா, கையில் துணிப்பை. உச்சியில் சிமென்ட் கட்டைமேல் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுவார். முதல் நாளே என்னை மறித்தார்.

"ஏம்மா, இது வாக்கிங் போற எடம். குதிரைக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"வாக்கிங் போற எடம்னு எங்க சார் எழுதியிருக்கு?"

"குதிரை போற எடம்னு எழுதியிருக்கா?"

அன்றிலிருந்து போர். செவலை பாலத்தில் லத்தி போட்டால் அதைப் படம் எடுப்பார். சிவப்பு வட்டம் போட்டு அவர்களுடைய வாட்ஸ்ஆப் குழுவில் ஏற்றுவார். நகராட்சிக்கு மனு எழுதினார், முப்பது பேர் கையெழுத்து. நானும் சும்மா இருக்கவில்லை. அவர் நடக்கிற ஓரமாகவே பார்த்துச் செவலையை ஏற்றினேன். லத்தியை அள்ளினேன், ஆனால் அவர் பார்த்து முகம் சுளித்த பிறகுதான் அள்ளினேன்.

பயிற்சி மட்டும் பிசகாமல் நடந்தது. டிராட் என்கிற துள்ளோட்டத்தில் ஏறுவோம், உச்சியில் நிற்போம், திரும்பி நடந்து இறங்குவோம். முதல் வாரம் மூன்று முறை, அப்புறம் ஐந்து, அப்புறம் எட்டு. மார்கழி பாதிக்குள் செவலையின் பின்தொடை இறுகிவிட்டது. எட்டாவது ஏற்றத்திலும் மூச்சு சீராக வந்தது. உச்சியில் நான் கடிவாளத்தைத் தொடுவதற்கு முன்பே நின்று, காதை விறைத்து, குல்லாக்காரரையே பார்ப்பாள். எதிரிக்கும் மரியாதை கொடுக்கிறாளே, என்ன பண்பு என்று நினைத்தேன். எனக்கு இல்லாத பண்பு.

பொங்கலுக்கு முன்னால் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு குதிரைப் பண்ணையில் ஒத்திகைப் போட்டி வைத்தார்கள். மாசியில் பெரிய போட்டியும் அதே இடத்தில்தான். ஓட்டத்தில் கட்டைகளைத் தாண்டினாள், பள்ளத்தைத் தாண்டினாள், தண்ணீரில் சளப்பென்று இறங்கி ஏறினாள். அடுத்தது மண்மேடு. ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி ஓட வேண்டும். குழந்தைகூடச் செய்யும்.

ஏறினாள். உச்சியில் நின்றாள். மெதுவாக, அழகாக ஒரு வட்டம் போட்டு, வந்த வழியே நடந்து இறங்கினாள்.

மறுபடி ஏற்றினேன். நின்றாள், திரும்பினாள், இறங்கினாள். மூன்றாவது முறையும் அதே. மூன்று முறை மறுத்தால் வெளியே. கொடியைக் காட்டி அனுப்பினார்கள். பக்கத்து லாயத்து ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குதிரைக்கு யூ-டர்ன் யார் சொல்லிக் கொடுத்தது என்று ஒருத்தன் கேட்டான். கேட்டவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

யார் சொல்லிக் கொடுத்தது? நான்தான். ஏறுகிற பாலம் இறங்காது என்று ஒரு மாதமாகத் தினமும் எட்டு முறை வரை பாடம் எடுத்திருக்கிறேன். மேடு என்றால் உச்சியோடு முடிந்தது, அப்புறம் தண்டவாளம் என்று அவள் ஒழுங்காகப் படித்துவிட்டாள். படித்தவள்மேல் தப்பில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது எங்கள் குதிரைக்காரர் தலையைச் சொறிந்தார். நான் ஏறாத நாட்களில் செவலையைக் கையில் பிடித்துப் பாலத்துக்கு நடத்திப் போகிறவர் அவர்தான்.

"யக்கா, கோச்சிக்காத. பாலம் மட்டும் இல்லக்கா. பிஸ்கட்டும் கீது."

"என்ன பிஸ்கட்டு?"

"குல்லா பெருசுதான். நீ வராத நாளு டெய்லி ஒரு பாக்கெட்டு எட்த்துகினு வரும். உச்சிக்குப் போனா நம்ம பொண்ணு அதும் முன்னாடி போயி வாய தொறந்துகினு நிக்கும். எனக்கும் டீ வாங்கிக் குடுப்பாரு, அதான் உன்கிட்ட சொல்லல."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுநாள் விடிந்ததும் நேராகப் பாலத்து உச்சிக்கு நடந்தே போனேன். அவர் கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். துணிப்பையைத் தூக்கிப் பார்த்தேன். மேலே ஒரு பிஸ்கட் பாக்கெட். அடியில் பாலித்தீன் பையில் செவலையின் லத்தி, ரோஜாச் செடிக்கு.

"புகாரும் குடுக்குறீங்க, பிஸ்கட்டும் குடுக்குறீங்களா?"

அவர் அசரவில்லை. "புகார் உன் மேலம்மா. பிஸ்கட்டு அதுக்கு."

பண்ணையில் நடந்ததைச் சொன்னேன். ஊர்வலக்காரன் காத்திருப்பதையும் சொன்னேன். அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், டாங்கி ஓட்டிப் பார்க்கிற புது டிரைவர்களும் மேட்டு உச்சியில் பிரேக்கை மிதிப்பார்கள் என்றார். அந்தப் பக்கத்துத் தரை கண்ணுக்குத் தெரியாது, அதுதான் பயம். இறங்குகிற பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவன் நின்றால் மிதிக்க மாட்டார்கள் என்றார்.

அடுத்த தெருவில் அடுக்குமாடி கட்ட அஸ்திவாரம் தோண்டிய மண் மலைபோலக் குவிந்து கிடந்தது. மேஸ்திரியிடம் பேசிப் பாதையைச் சமன் செய்துகொண்டோம். பெரியவர் மறுபக்கத்தில் கீழே நிற்பார். முதல் நாள் செவலை உச்சியில் நின்று அவரை எட்டிப் பார்த்தாள். அவர் பாக்கெட்டைச் சரசரவென்று பிரித்தார். இறங்கிவிட்டாள். நாலாம் நாள் நிற்காமலே இறங்கினாள். ஒருநாள் அவர் வரவில்லை என்று அதேபோல ஒரு குல்லாவைக் குதிரைக்காரர் தலையில் மாட்டி நிறுத்திப் பார்த்தோம். உச்சியிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள், திரும்பிவிட்டாள். ஆள் மாறாட்டம் அவளிடம் செல்லாது.

ஆக, போட்டிக்கு அவரும் வந்தாக வேண்டும். ஆனால் ஓட்டத்தின்போது வெளி ஆள் உதவி செய்தால் தகுதி போய்விடும். கூப்பிடக் கூடாது, கை காட்டக் கூடாது, தின்னக் கொடுக்கக் கூடாது. விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். ஓட்டப் பாதை ஓரம் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று ஒரு மனிதன் தன் பாட்டுக்குப் பிஸ்கட் தின்னக் கூடாது என்று எங்கேயும் இல்லை. இது யோக்கியமா என்று கேட்காதீர்கள். நான் விதியைத்தான் படித்தேன்.

மாசிப் போட்டி அன்று வெயில் ஏறிவிட்டது. அந்த வெயிலிலும் அவர் குரங்குக் குல்லாவோடு மண்மேட்டுக்கு அந்தப் பக்கம், கயிறு ஓரம் நின்றார். மேற்பார்வைக்காரர் ஒருவர் வந்து, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தாராம். சுகர் இருக்கு, வேளா வேளைக்குச் சாப்பிடணும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அவருக்குச் சுகரும் இல்லை, ஒன்றும் இல்லை.

குதிரை வாங்கிய சார் மேட்டுக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீரைத் தாண்டினோம். மேடு வந்தது. ஏறினாள். உச்சியில் அவள் முதுகு எனக்குக் கீழே இறுகியது. போச்சு என்று நினைத்தேன். கைகளை நான் அசைக்கவில்லை. கீழே பாக்கெட் சரசரத்தது. காது இரண்டும் முன்னால் நின்றன. பாய்ந்து இறங்கினாள்.

இறங்கியவள் நேராக அவரிடம் போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வாயைத் திறந்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் கொடுத்தால் எல்லாம் முடிந்தது. அவர் செவலையைப் பார்த்தார். கடைசி பிஸ்கட்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

செவலைக்கு இப்படி ஓர் அவமானம் அதுவரை நடந்ததில்லை. ஒரு கணம் நம்பாமல் நின்றாள். அப்புறம் உதறிக்கொண்டு கிளம்பினாள். மிச்சமிருந்த ஐந்து கட்டைகளையும் யாரையோ உதைக்கப் போவதுபோல் தாண்டினாள். அந்தக் கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்த கோபம்தான். பிறகு கம்புத் தாண்டலில் இரண்டைத் தட்டினாள். நின்ற நேரத்துக்கு மார்க் குறைத்தார்கள். முடித்தவர்களில் நாங்கள்தான் கடைசி. ஆனால் முடித்தோம்.

சார் போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஊர்வலக்காரனிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன் மேடம் என்றார். "சரி சார்" என்றேன். இந்த முறை அர்த்தம் வேறு. அதுவும் அவருக்குத் தெரியாது. பெரியவர் வண்டிப் பக்கம் முழுப் பாக்கெட்டோடு வந்தார். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நிமிடம்தான்.

அடுத்த வாரம் பாலத்து உச்சிக்கு நகராட்சியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். கையில் முப்பது கையெழுத்துப் போட்ட மனு. பெரியவர் அருகிலேயே நின்றார். நான் செவலையோடு ஏறிப் போனேன். மனுவை இப்போது வாபஸ் வாங்குவார் என்று எதிர்பார்த்தேன். ஆய்வாளர் கேள்வியைத் தொடங்குவதற்குள் செவலை அவரைத் தாண்டிப் போய், புகார் கொடுத்தவரின் துணிப்பைக்குள் மூஞ்சியை நுழைத்தாள்.

ஆய்வாளர் மனுவைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "சார், கம்ப்ளெய்ன்ட் குடுத்தது நீங்கதானே?"

"நான்தான்" என்றார் பெரியவர், பிஸ்கட்டைப் பாதியாக ஒடித்துக்கொண்டே. "அந்தம்மாவ லத்தி அள்ளச் சொல்லுங்க. ஓரத்துல கெடக்குது பாருங்க."

அள்ளினேன். அவர் பையை விரித்துப் பிடித்தார்.